மழைக்கு முன் ஒரு டிரம் உப்புநீர்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கும், கொளத்தூரில் கடல்மீன் விற்கும் கடைக்காரர்களுக்கும்,



வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. மழைக்காலம் வந்தாலே நம்மில் யாராவது ஒருவர் நள்ளிரவில் போன் செய்து, "அமோனியா ஏறிடுச்சு, என்ன ஊத்தட்டும்?" என்று கேட்கிறார். குரலில் பதற்றம் தெரியும். பக்கத்தில் வீட்டில் இருப்பவர்கள் மீனின் பெயரைச் சொல்லிப் பேசிக்கொள்வதும் கேட்கும். அந்த நேரத்தில் விளக்கமாகப் பேச முடிவதில்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். அமோனியா திடீரென்று ஏறிய தொட்டியில் ஊற்றத் தகுந்தது, முன்கூட்டியே கலந்து வைத்த புது உப்புநீர். கடையில் விற்கும் பாட்டில்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் அந்த இரவில் நம் வீடுகளில் பாட்டில் இருக்கிறது, உப்புநீர் இருப்பதில்லை.

நம்மில் பலர் நன்னீர்த் தொட்டியில் கை பழகி இங்கே வந்தவர்கள். கொஞ்சம் அமோனியா தெரிந்தாலும் மீன் தாக்குப்பிடித்துவிடும் என்பது அவர்கள் கண்ணால் பார்த்தது. அது பொய்யில்லை. ஆனால் கடல்நீரில் கணக்கே வேறு. தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். அமோனியம் அயனியாக இருக்கும்வரை மீனுக்குப் பெரிய தொந்தரவில்லை. கட்டற்ற அமோனியாவாக மாறினால் செவுளின் மெல்லிய தோலைக் கடந்து நேரே ரத்தத்துக்குள் போய்விடும். எது எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் பி.எச். தீர்மானிக்கிறது. பி.எச். 7 உள்ள நன்னீர்த் தொட்டியில் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூடக் கட்டற்ற வடிவில் இருக்காது. பி.எச். 8.2, வெப்பம் 25 டிகிரி உள்ள ரீஃப் தொட்டியில் அது நூற்றில் ஏறக்குறைய ஆறு பங்கு. பத்து மடங்குக்கு மேல். சில்லர் இல்லாத வீட்டில் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டால் இன்னும் கூடும். டெஸ்ட் கிட் காட்டும் எண் இரண்டு தொட்டிகளிலும் ஒன்றாகவே இருக்கலாம். மீன் படும் பாடு ஒன்றாக இருக்காது.

மீன் தன் உடலில் உண்டாகும் அமோனியாவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. வெளியே அளவு கூடினால் உள்ளே இருப்பது போக வழியின்றி ரத்தத்தில் தேங்கும். செவுள்மூடி படபடவென்று அடிக்கத் தொடங்கும். தீனியைக் கண்டால் முதலில் பாயும் டேங் மீன் மூலையில் ஒதுங்கி நிற்கும். பிறகு நரம்பு தாக்கப்பட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து சுழன்று நீந்தும். அந்தக் கட்டத்துக்கு வந்த மீனைக் காப்பாற்றுவது கடினம். பவளங்களின் கதை வேறு. மென்பவளங்களுக்குள் வாழும் பாசிகள் சிறிதளவு அமோனியத்தை உணவாகவே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஸோவாந்தஸ் பவளம் விரிந்திருக்கிறது, தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று யாரும் அமைதியடைய வேண்டாம். மீனின் மூச்சைப் பாருங்கள்.

"நல்லா செட்டான தொட்டி, ரெண்டு வருஷமா ஓடுது, இதுல எப்படி அமோனியா வரும்?" என்று கேட்கிறீர்கள். இதற்குப் பதில் தெரிந்தால் அந்த இரவில் செய்யும் தவறுகளில் பாதி குறைந்துவிடும் என்று நம்புகிறேன். 2005-இல் மார்ட்டின் கோனெக்கேயும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடல்காட்சியகத்தில், வெப்பமண்டலக் கடல் தொட்டி ஒன்றின் அடிக்கற்களிலிருந்து ஒரு நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்தார்கள். நைட்ரோசோபியூமிலஸ் மாரிடிமஸ் என்று அதற்குப் பெயர். அது பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற தனி உயிர்ப்பிரிவைச் சேர்ந்தது. அமோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து ஆற்றல் எடுப்பது பாக்டீரியாக்கள் மட்டுமே என்று நூறாண்டுக்கும் மேலாக இருந்த எண்ணம் அத்தோடு போனது. நம்முடையதைப் போன்ற ஒரு தொட்டியின் கல்லிலிருந்து அது கிடைத்தது என்பது எனக்கு இன்றும் பெரிய மகிழ்ச்சி. இந்த நுண்ணுயிர் கிட் காட்டவே முடியாத அளவு அமோனியாவில் வாழப் பழகியது. ஒன்று இரண்டாகப் பெருக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும்.

தொட்டியில் அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்க் கூட்டம், நீங்கள் தினமும் போடும் தீனிக்குச் சரியான அளவில்தான் இருக்கிறது. இரண்டு வருடம் ஓடினாலும் ஐந்து வருடம் ஓடினாலும் தேவைக்குமேல் பெருகி அது காத்திருப்பதில்லை. ஒரே இரவில் பத்து நாள் கழிவு வந்து சேர்ந்தால், அதற்கு ஈடுகொடுக்கும் அளவு பெருகச் சில நாட்களாவது வேண்டும். மீனுக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

பத்து நாள் கழிவு எங்கிருந்து வரும்? பத்து கிராம் எடையுள்ள ஒரு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் புரதம் ஏறக்குறைய 1.8 கிராம். புரதத்தில் நைட்ரஜன் நூற்றுக்குப் பதினாறு. அந்த மீன் பாறைக்குப் பின்னால் செத்து முழுதாக அழுகினால் சுமார் 350 மில்லிகிராம் அமோனியா வெளிவரும். 200 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 1.7 மில்லிகிராம். நண்டும் புழுவும் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால் முழு அளவு வராது. ஆனால் பாதி வந்தாலே போதும். ஒரு பெரிய டர்போ நத்தை கவிழ்ந்து கிடந்து சாவது, கடல் வெள்ளரி சாவது, எல்லாவற்றையும்விடக் கொடுமையாக ஓர் அனிமோன் இரவில் இடம் பெயர்ந்து வேவ்மேக்கரில் சிக்கி அரைபடுவது, இவையும் இதே கணக்குதான். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பையனிடம் தீனி டப்பாவை அப்படியே கொடுத்துவிட்டுப் போவது இன்னொரு வழி. ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்துக் கொடுத்தால் இது நடக்காது.

ஆக, முதல் வேலை எண்ணுவது. எத்தனை மீன், எத்தனை நத்தை, அனிமோன் எங்கே என்று டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அசையாத நத்தையை எடுத்து மோந்து பாருங்கள், செத்திருந்தால் மூக்கே சொல்லிவிடும். ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள்ளும் சம்ப்பிலும் பாருங்கள், சின்ன மீன்கள் அங்கே விழுந்து சாவது அடிக்கடி நடக்கிறது. பிணம் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். கைக்கு எட்டாத இடத்தில் கிடந்தால் ஒரு பாறையை மட்டும் நகர்த்தலாம். மொத்தப் பாறைகளையும் கலைத்து, மணலைக் கிளறி, எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் குழாய்த் தண்ணீரில் கழுவியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அமோனியாவைத் தின்னும் உயிர்கள் இருப்பதே அந்தப் பாறையிலும் மணலிலும்தான். குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொன்றால், மறுநாள் வருவது முதல் நாளைவிடப் பெரிய ஸ்பைக், அதாவது திடீர் அமோனியா ஏற்றம்.

டெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. நாம் பெரும்பாலும் வைத்திருக்கும் கிட், மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறுவது. ரீஃப் விளக்கின் நீல வெளிச்சத்தில் அந்தக் குழாயைப் பார்த்தால் எந்த நிறத்தையும் நம்ப முடியாது. வெள்ளைத் தாளின்மேல் வைத்து வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள். சொன்ன நேரம் காத்திருந்து பாருங்கள், அரைமணி கழித்துப் பார்த்தால் நிறம் ஏறியிருக்கும். 0.25 காட்டுகிறது என்று அலறுவதற்கு முன், புதிதாகக் கலந்த உப்புநீரிலும் அதே டெஸ்டைச் செய்து இரண்டு குழாய்களையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே நிறமென்றால் தொட்டிக்கு ஒன்றுமில்லை. ஆனால் மீன் மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்கிறதென்றால் டெஸ்டை எடுத்துவைத்துவிட்டுத் தண்ணீர் மாற்றத் தொடங்குங்கள்.

தண்ணீர் மாற்றும் கணக்கு எளிது. பாதியை மாற்றினால் அமோனியா பாதியாகும். கால்வாசியாக இரண்டு முறை மாற்றினால் நூற்றில் 56 பங்கு மிஞ்சும். வெப்பமும் உப்பும் ஒத்திருந்தால் பாதித் தண்ணீரை ஒரே தடவையில் மாற்றுவதால் மீனுக்கு வரும் சிரமம், அமோனியாவிலேயே இருப்பதால் வருவதைவிடக் குறைவு. அடர்த்தி 1.025-ஐ ஒட்டி இருக்கட்டும். பதற்றத்தில் உப்பை நேரே தொட்டியில் கொட்டிக் கலக்காதீர்கள். கரையாத உப்பு பவளத்தின்மேல் விழுந்தால் சுட்டுவிடும். அடுத்தது காற்று. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட் வரை கொண்டுபோக நுண்ணுயிர்களுக்கு நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் கடல்நீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் மொத்தமே லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம் அளவுதான். ஸ்பைக் வந்த தொட்டியில் மீனும் நுண்ணுயிரும் அழுகும் பிணமும் ஒரே ஆக்சிஜனுக்குப் போட்டி போடுகின்றன. ஸ்கிம்மரை நிறுத்தாதீர்கள். அது அமோனியாவை நேரடியாக எடுக்காது, ஆனால் புரதம் அழுகும் முன்பே நுரையாக இழுத்துவிடும், காற்றையும் கலக்கும். இரண்டு நாள் தீனி வேண்டாம். வளர்ந்த மீன் அதைத் தாங்கும்.

நன்னீர்க்காரர்கள் சொல்லும் ஜியோலைட் இங்கே உதவாது. கடல்நீரில் இருக்கும் சோடியம் அதன் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். கரி அமோனியாவைத் தொடாது. அனிமோன் அரைபட்ட தொட்டியில் மட்டும் அதன் நச்சை இழுக்கக் கரி போடுங்கள். அமோனியாவைக் கட்டிப்போடும் மருந்துகளில் சோடியம் ஹைட்ராக்ஸிமீத்தேன்சல்ஃபோனேட் உள்ளவை அமோனியாவோடு வினைபுரிந்து அதைத் தீங்கு குறைந்த சேர்மமாக மாற்றுகின்றன. தண்ணீர் கலக்கும்வரை மீனைத் தாங்கிப் பிடிக்க அது உதவும், நானும் அலமாரியில் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் ஊற்றிய பிறகும் பச்சை நிறம் மாறவில்லையே என்று மறுபடி மறுபடி ஊற்றுகிறார்கள். கட்டுண்ட அமோனியாவையும் சில கிட்கள் சேர்த்தே காட்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட மருந்துகளில் சில அளவு மீறினால் ஆக்சிஜனையும் குறைக்கும். அந்த இரவில் குறையக் கூடாதது அதுதான்.

இனி மின்வெட்டு. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாட்கணக்கில் கரண்ட் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வேளச்சேரியில் ஒரு நண்பருடைய தொட்டி இரண்டாவது மாடியில் இருந்தது, வெள்ளம் தொடவில்லை. இரண்டு நாளும் அவரும் மனைவியும் மாறி மாறிக் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்தக் கை உழைப்பில் க்ளௌன் ஜோடியும் டாம்செல்களும் எல்லாமே பிழைத்தன. கரண்ட் வந்தது விடியற்காலையில், அவர்கள் அசந்து தூங்கும்போது. கேனிஸ்டர் ஃபில்டர் தானாக ஓடத் தொடங்கியது. மூடிய டப்பாவுக்குள் தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோகும். உள்ளே இருந்த நல்ல உயிர்கள் செத்து அழுகி, கந்தக வாடையோடு கறுத்துக் கிடந்த நீர் அத்தனையும் தொட்டிக்குள் பாய்ந்தது. நான் போய்ப் பார்த்தபோது அந்த கேனிஸ்டரின் மூடியைத் திறந்தோம். முட்டை அழுகிய நாற்றம். வெள்ளையாக இருந்த செராமிக் வளையங்கள் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தன. இரண்டு நாள் கண்விழித்துக் காப்பாற்றிய மீன்களில் காலையில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

கரண்ட் போன உடனே கேனிஸ்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கரண்ட் வந்ததும் திறந்து, உள்ளே இருக்கும் நீரைச் சாக்கடையில் கொட்டி, ஃபில்டரில் உள்ளதைத் தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீரில் அலசிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று ஓடினாலே பெரும்பாலான தொட்டிகள் தப்பிக்கும். இன்வெர்ட்டர் இருந்தால் விளக்கையும் ஸ்கிம்மரையும் விட்டுவிட்டு ஒரே ஒரு வேவ்மேக்கரை மேற்பரப்பு அலையும்படி திருப்பி அதில் போடுங்கள். நாட்கணக்கில் ஓடும்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. காற்றில்லாமல் தேங்கிய தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். 7.8 அளவுக்கு இறங்கியிருக்கும். அப்போது கட்டற்ற அமோனியா நூற்றில் இரண்டரைப் பங்குதான். கரண்ட் வந்து எல்லா பம்ப்பும் ஒன்றாக ஓடினால் பி.எச். 8.3-க்கு ஏறும், அதே அமோனியாவின் நச்சு மூன்று மடங்காகும். மீன் மூச்சுக்குத் திணறினால் காற்றுதான் முதலில், அதில் இரண்டாவது பேச்சில்லை. திணறவில்லையென்றால் முதலில் தண்ணீரை மாற்றிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் ஓடவிடுங்கள்.

கடைக்காரர்களுக்கும் இதே வேதியியல் தினமும் நடக்கிறது. இந்தோனேசியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் மீன் பைக்குள் நெடுநேரம் அடைந்து கிடக்கிறது. மூச்சுக்காற்றால் பி.எச். இறங்க இறங்க, சேரும் அமோனியா தீங்கு குறைந்த வடிவில் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறிவிடும், பி.எச். ஏறும். அந்தத் தண்ணீரிலேயே வைத்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்கினால், பழக்குவதாக நினைத்துக்கொண்டு நச்சில் ஊறவைக்கிறோம். வெளியூர் சரக்குக்கு, பையைத் திறக்கும் முன்பே மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, பையின் உப்புக்கு ஏற்றபடி தயாராக வைத்த தனித் தொட்டியில் உடனே விடுங்கள். கடையிலிருந்து வீட்டுக்கு அரைமணிப் பயணம் போகும் மீனுக்கு இந்த அவசரம் தேவையில்லை. இந்த வித்தியாசத்தை வாங்குபவருக்கும் சொல்லி அனுப்புங்கள்.

பாறை பற்றியும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மன்னார் வளைகுடாவிலிருந்து ஈரத்தோடு வந்த "ஒரிஜினல் லைவ் ராக்" என்று சொல்லி யாராவது கொண்டுவந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள், விற்காதீர்கள். திட்டுக் கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யானைக்கும் புலிக்கும் தந்திருக்கும் அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. ஏற்கெனவே வெப்பத்தில் வெளுத்துத் தவிக்கும் திட்டிலிருந்து பெயர்த்த கல் நம் வரவேற்பறையில் அழகாக இருக்காது. வழியில் செத்த பஞ்சுயிரிகளும் புழுக்களும் அதற்குள்ளேயே அழுகி வாரக்கணக்கில் அமோனியா கக்கிக்கொண்டும் இருக்கும். உலர்ந்த செயற்கைப் பாறையை வைத்து, பொறுமையாக நைட்ரஜன் சுழற்சி முடித்து, மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் காட்டிய வழியில் தொட்டியிலேயே பொரித்து வளர்த்த க்ளௌன் மீனை விட்டு வளர்ப்பதில் எந்தக் குறையும் இல்லை.

மழைக்கு முன் நாம் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் தொட்டியின் கொள்ளளவில் கால்வாசியாவது கலந்த உப்புநீர் மூடிய டிரம்மில் இருக்கட்டும். ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து, உணவுப் பொருள் வைக்கத் தகுந்த டிரம்மில், வாரம் ஒருமுறை சின்ன பம்ப்பால் கலக்கிவைத்தால் பல வாரம் கெடாது. மழை நாளில் கடலுக்குப் போய் மொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். அடையாறும் கூவமும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும் நாட்களில் கரையோர நீர் உப்பும் குறைந்து, சாக்கடையும் கலந்து இருக்கும்.

கால்வாசி தண்ணீர் ஒரு ஸ்பைக்குக்குப் போதாது. ஆனால் ஒரே பகுதியில் நான்கு பேரிடம் கால்வாசி இருந்தால் ஒரு தொட்டிக்கு முழுதாகவே மாற்றலாம். எல்லோருக்கும் ஒரே இரவில் ஸ்பைக் வருவது அபூர்வம். அதனால் பகுதிவாரியாக யாரிடம் எவ்வளவு உப்புநீர், யாரிடம் கூடுதலாகப் பேட்டரி ஏர் பம்ப் என்று ஒரு பட்டியல் எழுதி எல்லோரும் கையில் வைத்துக்கொள்வோம். கொளத்தூர்க் கடைகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கலந்த உப்புநீரை இருபது லிட்டர் கேனில் வைத்திருந்து, இரவில் வந்து கேட்டாலும் கொடுங்கள். விலைக்கே கொடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

என் பங்குக்கு நூறு லிட்டர் எப்போதும் தயாராக இருக்கும், அடையாறு, திருவான்மியூர் பக்கத்தில் இருப்பவர்கள் எந்த நேரத்திலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். கேன் மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள், சோப்போ பினாயிலோ படாததாக. வரும் முன் உங்கள் தொட்டியின் வெப்பத்தையும் உப்பின் அளவையும் பார்த்துவிட்டுப் போன் செய்தால், நீங்கள் வந்து சேர்வதற்குள் அதற்கு ஏற்றபடி சரிசெய்து வைத்திருப்பேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்